நடுப்பாலத்தில் நின்ற மின்சார வண்டி

அமைச்சர்களின் வண்டிகள் நிற்கும் கொட்டகையில் அவருக்குக் குளுகுளு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. சம்பளம் கொடுக்கிற குமாஸ்தா மட்டும் அதைச் சொல்லி மாதம் ஒருமுறை, மனசே இல்லாமல் கூப்பிடுவார். மற்ற எல்லாருக்கும் அவர் குளுகுளுதான்.

பெயர் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஒரு வண்டியில் அப்போதைய அமைச்சர் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே துள்ளி எழுந்தார். சீட்டு அப்படிச் சுட்டது. அந்த வண்டியின் டிரைவரை மறுநாள் முதல் யாரும் பார்க்கவில்லை. எங்கேயோ குப்பை லாரி ஓட்டுகிறார் என்று சிலர் சொன்னார்கள். லாரியாவது கொடுத்தார்களா என்று சிலர் கேட்டார்கள். குளுகுளு அன்றைக்குக் கடவுளைக் கும்பிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். தன் வண்டியில் யார் ஏறினாலும், ஏறும்போதே ஜில்லென்று இருக்கவேண்டும்.

அன்றிலிருந்து, பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, அவர் வெளியே இஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டபடியே காத்திருப்பார். கூட்டம் கால் மணி நேரமானாலும் சரி, பொழுது சாய்ந்தாலும் சரி. கண்ணாடியின் வெளிப்பக்கம் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். மற்ற டிரைவர்கள் வந்து கன்னத்தை வைத்து ஒத்திக்கொள்வார்கள்.

"என்னண்ணே, உள்ள மீன் ஏத்தியிருக்கியா?" என்று கேட்பார்கள்.

"பெரிய மீனுப்பா. சூடு பட்டா கெட்டுப்போயிடும்" என்பார் அவர், சிரிக்காமல்.

இவ்வளவு குளிர்ச்சி காட்டியும் வேலை மட்டும் நிரந்தரம் ஆகவில்லை. தற்காலிக டிரைவராகச் சேர்ந்தவருக்குத் தலையும் தற்காலிகமாகவே நரைத்துவிட்டது. குடியிருந்த வீடு கொட்டகைக்குப் பின்னால், அரசாங்கம் டிரைவர்களுக்குக் கட்டியது. தற்காலிகக்காரர் அதில் இருக்கலாமா கூடாதா என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. யாரும் கேட்காததால் இருந்தார்கள். யாராவது கேட்டுவிட்டால் சட்டி பானையைத் தூக்கவேண்டியதுதான். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் போர்வை துவைத்து மடிக்கிற வேலை பார்த்தாள். வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றால்கூட யோசிப்பாள். "நம்ம சுவரா? ஆச்சா சொல்லுங்க, அடிக்கறேன்" என்பாள்.

ஆச்சா என்றால் நிரந்தரம் ஆச்சா என்று அர்த்தம். தினமும் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போது இந்த ஒரு வார்த்தை வரும். "இல்ல" என்று இவர் சொல்வார். பிறகுதான் சாப்பாடு.

இதில் இன்னொரு குத்தல் என்னவென்றால், அவளுடைய தம்பி இதே கொட்டகையில் டிரைவர். இவர் கையைப் பிடித்து வேலைக்குச் சேர்த்துவிட்ட பையன். வாய் ஓயாது, ஹாரனும் ஓயாது. அதனால் ஹாரன் என்று பெயர். அவன் ஒருநாள் அமைச்சருடைய மாமியாரை ஆஸ்பத்திரிக்குப் பறந்துபோய்க் கொண்டு சேர்த்தான். மாமியார் பிழைத்துக்கொண்டார். அமைச்சர் மனசுக்குள் என்ன நினைத்தாரோ, வெளியே ஹாரனை நிரந்தரமாக்கிவிட்டார்.

"மாமா, நீயும் யாராவது ஒரு மாமியாரப் பாரேன்" என்பான் அவன்.

"எனக்கு இருக்கிற மாமியாரே போதும்டா" என்பார் குளுகுளு.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கம்பி வந்தது.

அடுத்த நாட்டில் மண்ணைத் தோண்டினால் எண்ணெய். நம் நாட்டில் தோண்டினால் மண்தான். ஆனால் வெயிலும் காற்றும் கடவுள் புண்ணியத்தில் நிறைய. இத்தனை காலம் அவர்களிடம் எண்ணெய் வாங்கிக் கைகட்டி நின்றோம். இப்போது உலகமே எண்ணெயை விட்டுவிடு, புகையை விட்டுவிடு என்று பேசுவதால், வெயிலையும் காற்றையும் மின்சாரமாக்கிக் கடலுக்கடியில் கம்பி போட்டு அவர்களுக்கே விற்பது என்று பேச்சு. அவர்களுக்கும் ஆசைதான். எண்ணெய் எத்தனை நாளைக்கு ஓடும்? ஆனால் நேற்றுவரை வாசலில் நின்றவனிடம் இன்றைக்குப் போய் விளக்கு ஏற்றக் கரண்டு கேட்பதென்றால் கௌரவம் இடிக்கிறதே.

விலை, தூரம், கம்பியின் தடிமன் எல்லாம் சுலபமாகப் படிந்து, கம்பியும் போட்டாகிவிட்டது. பெயரில்தான் மாட்டிக்கொண்டது. நம் ஆட்கள் 'சகோதரக் கம்பி' என்று வைக்கலாம் என்றார்கள். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு அதிகாரி, அப்படியானால் அண்ணன் யார், தம்பி யார் என்று கேட்டுவிட்டார். அதோடு போச்சு.

அதைத் தீர்த்துவிட்டுக் கையெழுத்தும் போட இரண்டு நாள் கூட்டம் ஏற்பாடானது. கடற்கரையில் பந்தல், பந்தலில் ஒரு பெரிய சுவிட்ச், அதைத் தட்டினால் எரிய ஒரு விளக்கு. இரண்டு அமைச்சர்களும் கூட்டம் முடிந்ததும் ஒரே வண்டியில், அதுவும் புத்தம்புது மின்சார வண்டியில், நீளமான பாலத்தைக் கடந்து போய்ச் சேர்ந்து சுவிட்சைத் தட்டவேண்டும். விருந்தாளிகளைக் கவனிக்கிற அதிகாரி ஒருவர் இருந்தார். எப்போதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருப்பதால் டிரைவர்கள் அவரைக் கைக்குட்டை என்பார்கள். அவர் குளுகுளுவைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீதான் ஓட்டற. அந்த நாட்டு அமைச்சருக்கு வெக்கை ஆகாது. வண்டி எப்படி இருக்கணும்?"

"ஜில்லுனு இருக்கும் ஐயா."

"இந்த விழா நல்லபடியா முடியட்டும். உன்ன நிரந்தரம் பண்ணிடலாம்னு அமைச்சர் வாயாலயே சொல்லிட்டாரு."

அன்று சாயங்காலம் மனைவி "ஆச்சா?" என்றபோது, முதல் தடவையாக அவர் "ஆகப்போகுது" என்றார். சாப்பிட்டு முடித்தபின் அவள் பக்கத்து வீட்டில் சுத்தியல் இரவல் கேட்டு வந்தாள்.

வண்டி வந்தது. வெள்ளை வெளேரென்று, வாயைத் திறக்காத மாப்பிள்ளை மாதிரி. அதை ஓட்டிக் காட்ட கம்பெனியிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். கதவு, பிரேக்கு, கண்ணாடி என்று சொல்லி, பேட்டரி பக்கம் வரும் நேரம் பார்த்துக் கைக்குட்டை ஓடி வந்தார். "எங்க வீட்டம்மா துணிக்கடையில நிக்கறாங்க, சட்டுனு கூட்டிட்டு வந்துடு." துணிக்கடையில் சட்டென்று எது நடந்திருக்கிறது? குளுகுளு திரும்பி வரும்போது இளைஞன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் ஈசிதான் அண்ணே. சத்தம் வராது, பயந்துடாதீங்க. ராத்திரி அந்தக் கம்பத்துல சொருகிடுங்க, அவ்வளவுதான்."

வண்டிக்குச் சார்ஜ் ஏற்றும் அந்தக் கம்பம், கூட்டம் நடக்கும் மாளிகையின் வாசலில் இருந்தது. முந்தின வாரம்தான் அமைச்சர் ரிப்பன் வெட்டித் திறந்து வைத்திருந்தார். உச்சியில் ஒரு பச்சை பல்பு. மாளிகையின் கூரையில் சூரியத் தகடுகள் வரிசையாகப் பதித்திருந்தார்கள். விருந்தாளிகள் பார்க்கவேண்டுமென்று அந்தத் தகடுகளை மூடி, 'சூரியனே நம் எதிர்காலம்' என்று பெரிய துணி கட்டியிருந்தார்கள்.

இரண்டு நாளும் குளுகுளு மாளிகை வாசலில் காத்திருந்தார். உள்ளே அண்ணன் தம்பிப் பஞ்சாயத்து. ஹாரன் பின்னால் வரும் டீசல் வண்டிகளில் ஒன்றுக்கு டிரைவர். நடுநடுவே வந்து சேதி சொல்லுவான்.

"மாமா, இப்போ 'பங்காளிக் கம்பி'ன்னு வைக்கலாமான்னு ஒருத்தர் கேட்டாராம்."

"வேணாம்டா. வெட்டு குத்துல போய் முடியும்."

"இரட்டைப் பிள்ளைக் கம்பின்னாங்களாம். அதுலயும் எவன் முதல்ல வெளிய வந்தான்னு கேட்டுட்டாங்களாம்."

கைக்குட்டை அடிக்கடி வாசலுக்கு வந்து, "இதோ வந்துட்டாங்க, ரெடியா இரு" என்பார். அப்புறம் உள்ளே போனால் போனதுதான். இதோ வந்துட்டாங்க என்ற பிறகு ஏசியை நிறுத்த எந்த டிரைவருக்கு மனசு வரும்? குளுகுளு நிறுத்தவில்லை. இஞ்சின் சத்தம் கேட்காததால் அவருக்குச் சந்தேகம் வேறு. ஓடுகிறதா இல்லையா என்று ஜன்னல் வழியே கையைவிட்டுப் பார்ப்பார், இன்னும் கொஞ்சம் கூட்டிவைப்பார். இரவில் பயபக்தியோடு கம்பத்தில் சொருகினார். பச்சை பல்பு எரிந்தது. பால் குடிக்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்தக் கம்பத்துக்கு இன்னும் கரண்டு வரவில்லை. புதுக் கம்பியில் கரண்டு விடும் அன்றைக்குத்தான் இதிலும் விடுவது என்று வைத்திருந்தார்கள். பச்சை பல்புக்கு மட்டும், ரிப்பன் வெட்டிய அன்று பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று, பக்கத்திலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்திருந்தார்கள். இது குளுகுளுவுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் வண்டி ஓட்டுவதில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம், பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகி இரண்டு அமைச்சர்களும் வெளியே வந்தார்கள். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் அடுத்த நாட்டு அமைச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. என்னமோ சொன்னார். முன் சீட்டில் ஏறிய மொழிபெயர்க்கும் அம்மா, "ரெண்டு நாள்ல இதுதான் நல்லா இருக்காம்" என்றார். குளுகுளுவுக்குப் பாதி நிரந்தரம் ஆனமாதிரி இருந்தது.

டீசல் வண்டிகளின் புகை படத்தில் விழக்கூடாதென்று, அவற்றைப் பாலத்துக்கு முந்தின வளைவிலேயே நிறுத்திவிட்டார்கள். போட்டோ எடுக்கிறவர்கள் எல்லாரும் அக்கரைப் பந்தலில். பாலத்தின்மேல் மின்சார வண்டி மட்டும் அன்னம்போலப் போனது. அப்போது எதிரே டேஷ்போர்டில், பேட்டரி தீரப்போகிறது என்று சொல்ல ஒரு ஆமைப் படம் மஞ்சளாக எரிந்தது.

குளுகுளு அதைப் பார்த்தார். பெரியவர்கள் இருக்கிறார்கள், பார்த்து மெதுவாகப் போ என்கிறதாக்கும் என்று நினைத்தார். எவ்வளவு மரியாதை தெரிந்த வண்டி! வேகத்தைக் குறைத்தார். வண்டி தானாகவும் குறைத்துக்கொண்டது. இரண்டு பேருமாகக் குறைத்துக் குறைத்து, பாலத்தின் நட்டநடுவில் நின்றேவிட்டார்கள்.

ஆமை அணைந்தது. ஏசியும் அணைந்தது.

"என்னாச்சு?" என்றார் நம் அமைச்சர்.

"தெரியலீங்க ஐயா." குளுகுளு பட்டனை அமுக்கினார், மிதித்தார், கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிட்டார். கடவுள் வந்தாலும் சொருகுவதற்குக் கம்பம் இல்லையே.

கொஞ்ச நேரத்தில் வண்டிக்குள் இட்லிப்பானை மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியை இறக்கினார்கள். கடல் காற்று மட்டும் ஓ என்று அடித்தது. அதைத்தான் விற்பதாகப் பேச்சு. அடுத்த நாட்டு அமைச்சர் நீளமாக ஏதோ பேசினார்.

"கோவமா இருக்கார்" என்றார் மொழிபெயர்க்கும் அம்மா.

"அத்தனையும் அதுதானா?"

"பாக்கிய நான் சொல்லக்கூடாது ஐயா."

நம் அமைச்சர் குளுகுளுவை ஒரு வார்த்தை சொன்னார். அதையும் நான் எழுதக்கூடாது. பின்னால் நிற்கிற டீசல் வண்டி ஒன்றைக் கூப்பிடப் போனை எடுத்தார். அடுத்தவர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"எண்ணெய் விக்கற நாட்டுக்காரன் டீசல் வண்டியில வந்து இறங்கினா, இவன் திருந்தவே மாட்டான்னு உலகமே எழுதும்கறார்" என்றார் அந்த அம்மா.

நம் அமைச்சர் யோசித்தார். "அதுவும் சரிதான். காத்து விக்கற நான் டீசல்ல போய் இறங்கினா மட்டும் பூமாலையா போடுவாங்க? எனக்கும் வேணாம்னு சொல்லும்மா."

அந்த இரண்டு நாளில் இரண்டு நாடும் சண்டையில்லாமல் ஒத்துப்போனது இந்த விஷயத்தில்தான். இரண்டு பேரும் இறங்கினார்கள். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். அந்த அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனார். கொஞ்ச தூரத்தில் காற்று தள்ளியது. அடுத்த நாட்டு அமைச்சர் கொஞ்சம் கனத்த உடம்பு, மூச்சு வாங்கியது. நம் அமைச்சரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இவரும் விட்டால் எங்கே விழுவோமோ என்று பிடித்துக்கொண்டார்.

குளுகுளு வண்டியோடு நின்றார். தன்னுடைய நிரந்தரம் இரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் வளைவிலிருந்து கைக்குட்டை மூச்சிரைக்க ஓடி வந்தார். "உன் சீட்டு கிழிஞ்சுதுய்யா. நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் தலைவச்சிப் படுக்காத. வீட்டையும் காலி பண்ணிக்க."

"ஐயா, கம்பத்துல சொருகினேன்..."

"பேசாத!"

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றியபோது மனைவி "ஆச்சா" என்று கேட்கவில்லை. முகம் பார்த்தாலே தெரிந்தது. காலையில் அடித்திருந்த ஆணியைப் பார்த்தாள். "புடுங்கிடவா?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான் ஏசிய நிறுத்தல" என்றார் அவர். "யோசிச்சுப் பாத்தேன். ரெண்டு நாளும் நிறுத்தவே இல்ல. தப்பு என்மேல இருக்கு."

"குளிரக் குடுக்கறதும் ஒரு தப்பா? வந்து சாப்பிடுங்க" என்றாள். அவர் போய்க் கடவுள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, வேலை போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் வெளியேறுவேன் என்று வேண்டிக்கொண்டார்.

விடிந்ததும் வாசலில் ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"மாமா! அமைச்சர் கூப்பிடறாரு! பேப்பர் பாத்தியா நீ?"

பேப்பரில் முதல் பக்கம் முழுக்க ஒரே படம். நீளமான பாலம், பின்னால் கடல், கோட்டைத் தோளில் போட்டபடி கைகோத்து நடந்து வரும் இரண்டு அமைச்சர்கள். மின்சார வண்டியையும் வேண்டாமென்று நடுவழியில் நிறுத்திவிட்டு, ஒரு சொட்டு எரிபொருளும் செலவழிக்காமல் நடந்தே வந்த தலைவர்கள் என்று எழுதியிருந்தது. அண்ணனா தம்பியா என்று தெரியாதபடி ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்த அன்பு என்றும் எழுதியிருந்தது. தூரத்து நாடுகளிலிருந்தெல்லாம் வாழ்த்து வந்து குவிகிறதாம். வேறு இரண்டு நாட்டு அமைச்சர்கள் தாங்களும் நடக்க ஒரு பாலம் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிந்ததா என்று யாருமே கேட்கவில்லை. எரியவில்லை.

அமைச்சரின் அறையில் கைக்குட்டையும் இருந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அமைச்சரின் இரண்டு காலும் தண்ணீர் பேசினில் இருந்தன. கொப்புளம்.

"வாய்யா!" என்றார் அமைச்சர். இவ்வளவு சந்தோஷமாக அவர் யாரையும் கூப்பிட்டு குளுகுளு பார்த்ததில்லை.

"ஐயா, ஒரு உண்மைய சொல்லிடறேன். நான் ரெண்டு நாளும் ஏசிய நிறுத்தவே இல்ல. அதான் வண்டி நின்னுடுச்சு."

"வண்டி எங்கய்யா நின்னுச்சு? நாங்கல்ல நிறுத்தச் சொன்னோம்."

"நீங்க அப்ப வேற மாதிரி சொன்னீங்க ஐயா..."

கைக்குட்டை இருமினார்.

"அதோட, அந்தக் கம்பத்துலயும் கரண்டு வர்லன்னு நினைக்கறேன் ஐயா."

"அந்தக் கம்பத்த யாரு திறந்து வெச்சா?"

"நீங்கதான் ஐயா."

"வருதா வர்லயா?"

குளுகுளு பேசினில் இருந்த கால்களைப் பார்த்தார். "பல்பு நல்லா எரியுதுங்க" என்றார். அதுவும் உண்மைதானே.

"கெட்டிக்காரன்" என்றார் அமைச்சர். "கேட்டுக்க. வருஷா வருஷம் அதே நாள்ல அதே பாலத்துல நாங்க நடக்கறதுன்னு முடிவாயிருக்கு. அதே வண்டி நடுப்பாலத்துல நிக்கணும். அதே டிரைவர் இருக்கணும்னு அந்த நாட்டுலயும் கேக்கறாங்க. தற்காலிக ஆள வெச்சு இவ்ளோ பெரிய விஷயத்த எப்படிச் செய்யறது?" கைக்குட்டை பக்கம் திரும்பினார். "இன்னிக்கே போடு."

குளுகுளு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடவுளே, நான் மறைக்கவில்லை, கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர்கள்தான் வாங்கிக்கொள்ளவில்லை என்று மனசுக்குள் சொன்னார். கடவுள் இதையெல்லாம் தினமும் பார்க்கிறவர்தானே, புரிந்துகொண்டிருப்பார்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது, "ஆச்சு" என்று அவரே சொன்னார்.

அவள் நம்பவில்லை. "எந்த வேலைக்கு?"

"வண்டிய நிறுத்தற வேலைக்கு."

"ஓட்டத் தெரியாதவங்கதான நிறுத்துவாங்க?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய் அழுதாள். பிறகு இன்னும் நாலைந்து ஆணி அடித்தாள்.

அடுத்த வருஷம் அந்த நாள் வந்தது. கம்பிக்கு இன்னும் பெயர் வைத்தபாடில்லை, அதனால் கரண்டும் வந்தபாடில்லை. கம்பத்தில் பச்சை பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மின்சார வண்டியை ஒரு டீசல் லாரியில் ஏற்றி, மேலே பச்சைத் துணி போர்த்தி, விடியும்முன்னே நடுப்பாலத்தில் இறக்கி வைத்தார்கள். லாரி ஓட்டியவன் ஹாரன். சத்தம் போடக்கூடாதென்று அவன் கையைக் கிட்டத்தட்ட கட்டியே வைத்திருந்தார்கள். ஏற்பாடு இதுதான்: அமைச்சர்கள் அவரவர் டீசல் வண்டியில் நடுப்பாலம்வரை வருவார்கள். மின்சார வண்டியில் ஒரு பக்கக் கதவால் ஏறி, உட்கார்ந்து, மறுபக்கக் கதவால் இறங்கி நடப்பார்கள். போட்டோ அங்கிருந்துதான் ஆரம்பம்.

குளுகுளு இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டிருக்கிற வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். ஏசி கிடையாது. ஆனால் பழக்கம் விடுமா? பின் சீட்டுக்கடியில் இரண்டு ஐஸ் மூட்டைகளைச் சாக்கில் சுற்றி வைத்து, கண்ணாடியை ஏற்றி, சீட்டின்மேல் ஈரப் போர்வை விரித்திருந்தார். ஆஸ்பத்திரிப் போர்வைதான். மனைவி மடித்துக் கொடுத்தது. பெரியவர்கள் வரும் நேரம் பார்த்து அதைச் சுருட்டி எடுத்தார்.

நம் அமைச்சர் முதலிலும் அடுத்த நாட்டு அமைச்சர் பின்னாலுமாக இந்தப் பக்கக் கதவால் ஏறினார்கள். நம் அமைச்சர் உட்கார்ந்தார், சிரித்தார், அந்தப் பக்கக் கதவால் இறங்கினார். அடுத்தவர் இறங்கவில்லை. கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். வெளியே பாண்டு வாத்தியம் முழங்கியது. கைக்குட்டை குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார், மறுபடி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஏன் இறங்கல? எல்லாரும் காத்திருக்காங்க."

மொழிபெயர்க்கும் அம்மா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இங்க ஜில்லுனு இருக்காம். உலகம் கொஞ்சம் பொறுத்துக்கட்டும்கறார்."

குளுகுளு திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் வைத்த கை வைத்தபடி, நிரந்தர டிரைவர் எப்படி உட்காரவேண்டுமோ அப்படி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.